குஞ்சு எப்போது வெளியே போகலாம்?

தாய்க்கோழி குஞ்சுகளோடு மேயப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொஞ்ச தூரம் போகும். குப்பையைக் கிளறும். பிறகு ஓர் இடத்தில் உட்காரும். உடனே குஞ்சுகள் ஓடி வந்து அதன் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். சற்று நேரம் கழித்து மீண்டும் வெளியே வரும்.

ஏன் அப்படிப் புகுந்துகொள்கின்றன? பயத்தால் மட்டும் இல்லை. குளிராலும்தான்.

பெரிய கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதன் உடம்பை இறகு மூடியிருக்கிறது. இறகு சூட்டை வெளியே விடாது. குஞ்சுக்கு இறகு இல்லை. பஞ்சு போன்ற மயிர்தான் இருக்கிறது. பஞ்சு மயிரால் சூட்டை அதிக நேரம் பிடித்து வைக்க முடியாது. அதனால்தான் குஞ்சு தாயிடம் சூடு வாங்கிக்கொள்கிறது. இறகு முளைக்க முளைக்க, தாயிடம் வருவது குறையும். கடைசியில் தாயே குஞ்சைக் கொத்தி விரட்டிவிடும். "இனி நீ தனியாக இருக்கலாம்" என்று அதற்குப் பொருள்.

பண்ணையில் குஞ்சு வாங்கி வளர்ப்பவர்கள் வீட்டில் தாய்க்கோழி இல்லை. அங்கே பல்புதான் தாய். பல்புக்குக் குஞ்சைக் கொத்தி விரட்டத் தெரியாது. குஞ்சை எப்போது வெளியே விடலாம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு தவறினால் ஒரே இரவில் பாதிக் குஞ்சுகள் செத்துப்போகலாம். ஒரு மாதத் தீவனமும் உழைப்பும் வீணாகிவிடும்.

பல்புப் பெட்டியில் சூடு எவ்வளவு?

முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரம் ஒன்றுக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

முதல் வாரம்: 35 டிகிரி
இரண்டாம் வாரம்: 32 டிகிரி
மூன்றாம் வாரம்: 29 டிகிரி
நான்காம் வாரம்: 26 டிகிரி
ஐந்தாம் வாரம்: 23 டிகிரி

ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 20 குஞ்சுக்கு 40 வாட் பல்பு. பழைய குண்டு பல்புதான் வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். ஆனால் குஞ்சுக்குத் தேவையான சூடு தராது.

சூடு சரியா என்று அறியக் குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்தால் குளிர்கிறது. பல்பை விட்டு ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டி முழுவதும் பரவி நின்று தீவனம் தின்றால் சூடு சரி.

ஒரு எச்சரிக்கை. பல்பைக் கம்பியால் உறுதியாகக் கட்டுங்கள். ஒயரை நம்பித் தொங்க விடாதீர்கள். அது உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். பல்பின் மேல் துணி, சாக்கு போடாதீர்கள். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடத்தில் ஒரு பெட்டியில் பிடித்த தீ ஒரு வரிசையையே எரித்துவிடும்.

கோபர்கைரனேயில் என்ன கணக்கு?

நவி மும்பையில் உள்ள கோபர்கைரனே தானே கடற்கழியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. முன்பு இங்கே ஆக்ரி, கோலி மக்களின் கிராமங்கள் இருந்தன. சிட்கோ நிறுவனம் 1970இல் தொடங்கியது. அதன் பிறகு வயலும் உப்பளமும் இருந்த பகுதியில் நகரம் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களும் இங்கே குடியேறினார்கள். பழைய கிராமப் பகுதிகளில் கோழி வளர்ப்பு இன்னும் இருக்கிறது. நாம் நாட்டுக்கோழி என்பதை மராட்டியில் 'காவ்டி' கோழி என்பார்கள். அதன் முட்டைக்கும் கறிக்கும் எப்போதும் கிராக்கி உண்டு.

ஆனால் நம் ஊர்க் கணக்கை இங்கே அப்படியே பயன்படுத்த முடியாது. இங்குள்ள வானம் வேறு.

மே மாத இரவில் மும்பைப் பகுதியில் சுமார் 27 டிகிரி சூடு இருக்கும். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். நான்காம் வாரக் குஞ்சுக்கு வேண்டியது 26 டிகிரி. அதனால் அந்த மாதத்தில் ஐந்தாம் வாரக் குஞ்சை வெளியே விடலாம்.

ஜனவரி இரவில் சூடு சுமார் 17 டிகிரிதான். ஐந்தாம் வாரக் குஞ்சுக்கு 23 டிகிரி வேண்டும். 6 டிகிரி குறைகிறது. அதனால் குளிர்காலத்தில் ஆறு வாரம் முடியும்வரை பொறுக்க வேண்டும்.

மழைக்காலம் எப்படி? ஜூலை இரவில் குளிர் அதிகம் இல்லை. ஆனால் ஈரம் இருக்கிறது. நனைந்த இறகு சூட்டைப் பிடிக்காது. நனைந்த குஞ்சு கோடையிலும் விறைத்துப்போகும். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 140 சென்டிமீட்டர். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில் 200 சென்டிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் கொட்டியது.

ஆகவே குஞ்சு வாங்கும்போதே நாளை எண்ணிப் பாருங்கள். மே நடுவில் ஒரு நாள் குஞ்சு வாங்கினால் அது வெளியே போகும் நேரம் ஜூன் கடைசி. சரியாக மழையில் மாட்டிக்கொள்ளும். பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் வாங்குங்கள். ஏப்ரலில் வெளியே போகும். மழை வருவதற்குள் நன்றாகத் தேறிவிடும். அக்டோபரில் வாங்கினாலும் நல்லது. குளிர் கூடுவதற்குள் இறகு வந்துவிடும்.

வயதா, இறகா?

பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"அத்தை, வீட்டுக்குள்ள நாத்தம் தாங்கல. நாளைக்கே குஞ்சுங்களை வெளிக்கூட்டுல விட்டுடலாமா?"

"வாங்கி எத்தனை நாள் ஆச்சும்மா?"

"மூணு வாரம் முடிஞ்சிருச்சு."

"ஒரு குஞ்சைப் பிடிச்சு முதுகைத் தடவிப் பாரு. பஞ்சா இருக்கா, இறகா இருக்கா?"

"றெக்கையில இறகு இருக்கு. முதுகுலயும் கழுத்துலயும் பஞ்சுதான்."

"அப்ப இன்னும் பொறு. நாத்தம் குஞ்சால வரல. ஈர உமியால வருது. உமியை மாத்து. தண்ணித் தட்டுக்கு அடியில ரெண்டு செங்கல் வை, சிந்தாது."

அத்தை சொன்னது சரி. இறக்கையில் முதலில் இறகு வரும். முதுகு, மார்பு, கழுத்து கடைசியில் மூடும். அவையும் மூடினால்தான் குஞ்சு தயார். பொதுவாக இதற்கு ஐந்து முதல் ஆறு வாரம் ஆகும். எல்லாக் குஞ்சும் ஒன்றுபோல் வளராது. பிந்தி வளரும் குஞ்சைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

மத்திய அரசு 2009-10இல் ஏழைக் குடும்பங்களுக்குப் புழக்கடைக் கோழி தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் ஒரு நாள் குஞ்சை நேரே வீட்டுக்குக் கொடுக்கவில்லை. 'தாய்ப் பண்ணை' என்ற இடத்தில் நான்கு வாரம் வளர்த்த பிறகே கொடுத்தார்கள். தமிழ்நாட்டு அரசும் கிராமப் பெண்களுக்கு நான்கு வாரக் குஞ்சுகளையே கொடுத்தது. ஏன்? அந்த நான்கு வாரம்தான் மிகவும் ஆபத்தானது. சூடும் தடுப்பு மருந்தும் தவறாமல் கிடைக்க வேண்டிய காலம் அது. உங்களுக்கு வசதி இருந்தால் நான்கு வாரக் குஞ்சே வாங்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் சாவு குறைவு.

மும்பை கோரேகாவ் ஆரே பால் காலனியில் மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிறுவனம் உள்ளது. நாட்டில் இப்படி நான்கு நிறுவனங்கள் அமைந்தன. மற்றவை பெங்களூரு, சண்டிகர், புவனேஸ்வரம் ஆகிய இடங்களில் உள்ளன. குஞ்சு பற்றியும் பயிற்சி பற்றியும் அங்கே கேட்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

வெளிக்கூட்டுக்குப் போகும் வயதில் குஞ்சுக்குப் பல மாற்றங்கள் வருகின்றன. எண்ணிப் பாருங்கள்.

1. பல்புச் சூடு நிற்கிறது.
2. இடம் மாறுகிறது.
3. தீவனம் மாறுகிறது.
4. தடுப்பூசி போடுகிறோம்.
5. பெரிய கோழிகளோடு சேர்கிறது.

இவற்றில் ஒன்று வந்தால் குஞ்சு தாங்கும். எல்லாம் ஒரே நாளில் வந்தால் தாங்காது. தீவனம் எடுக்காது. உடம்பு தளரும். தளர்ந்த உடம்பில் நோய் எளிதாக நுழையும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் சில நாட்கள் விடுங்கள். கோழி வளர்ப்பில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது.

வரிசை இப்படி இருக்கலாம்.

நான்காம் வாரம்: வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு இரண்டாம் முறைச் சொட்டு மருந்து. முதல் சொட்டு முதல் வாரத்திலேயே போட்டிருக்க வேண்டும்.
ஐந்தாம் வாரம்: பல்பை நிறுத்திப் பழக்குதல்.
ஆறாம் வாரம்: வெளிக்கூட்டுக்கு மாற்றுதல்.
எட்டாம் வாரம்: வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி.
ஒன்பதாம் வாரம்: குஞ்சுத் தீவனத்திலிருந்து வளரும் கோழித் தீவனத்துக்கு மாறுதல். நான்கைந்து நாள் இரண்டையும் கலந்து கொடுங்கள்.
அதன் பிறகு: பெரிய கோழிகளோடு சேர்த்தல்.

கோடையில் இரவுச் சூடு அதிகம். அப்போது பல்பை நிறுத்துவதையும் வெளிக்கூட்டுக்கு மாற்றுவதையும் சில நாட்கள் முன்னதாகச் செய்யலாம். மற்ற தடுப்பு மருந்துகளின் நாட்களைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடு எப்படி இருக்க வேண்டும்?

முதலில் அனுமதி. கோபர்கைரனே நவி மும்பை மாநகராட்சியைச் சேர்ந்தது. மாநகராட்சி எல்லைக்குள் கோழி வளர்க்க விதிகள் உண்டு. வார்டு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கூடு கட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அடுத்தது இடம். வெளியே போகும் குஞ்சு ஒன்றுக்கு ஒரு சதுர அடி வேண்டும். 20 குஞ்சுக்கு 20 சதுர அடி. அதாவது 5 அடி நீளம், 4 அடி அகலம். கோழி பெரிதாகும்போது இரண்டு மடங்கு இடம் வேண்டும்.

கூடு தரையில் இருக்கக் கூடாது. கால் வைத்துக் குறைந்தது இரண்டு அடி உயரத்தில் நிறுத்துங்கள். மழைத்தண்ணீர் அடியில் ஓடிவிடும். உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். அதைவிட உயரமாக வையுங்கள்.

மும்பையில் மழைக்காற்று தென்மேற்கிலிருந்து வீசும். அந்தப் பக்கம் பலகையோ தகரமோ வைத்து அடையுங்கள். எதிர்ப்பக்கம் வலை இருக்கட்டும். காற்று வேண்டும். சாரல் வேண்டாம். தகரக் கூரை கோடையில் அனலாகக் கொதிக்கும். அதன்மேல் ஓலையோ பழைய சாக்கோ போடுங்கள்.

இங்கே பெரிய எதிரி பெருச்சாளி. மராட்டியில் 'கூஸ்' என்பார்கள். அது இரவில் வந்து குஞ்சை இழுத்துக்கொண்டு போகும். பூனை, நாய், கீரி, பாம்பு ஆகியவையும் உண்டு. பகலில் காக்கையும் பருந்தும் வரும். சாதாரணக் கோழிவலையின் கண் பெரிது. எலி உள்ளே புகும். அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான கம்பிவலை போடுங்கள். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது. தாழ்ப்பாளும் போடுங்கள்.

பழக்கும் பத்து நாள்

முதல் மூன்று நாள்: பகலில் பல்பை அணைத்துவிடுங்கள். இரவில் மட்டும் போடுங்கள்.

நான்காம் நாள் முதல் ஆறாம் நாள் வரை: இரவிலும் பல்பை அணையுங்கள். குஞ்சுகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். இரவில் ஒரு முறை எழுந்து பாருங்கள். அடைந்து நின்று கத்தினால் மறுபடி பல்பைப் போடுங்கள். இரண்டு நாள் கழித்து மீண்டும் முயலுங்கள்.

ஏழாம் நாள்: காலை வெயில் வந்த பிறகு பஞ்சாரத்தால் மூடி அரை மணி நேரம் வெளியே விடுங்கள்.

எட்டாம் நாள்: இரண்டு மணி நேரம்.

ஒன்பதாம் நாள்: வெளிக்கூட்டுக்குள் அரை நாள். பழைய தீவனத் தட்டையும் தண்ணீர்த் தட்டையும் அங்கே வையுங்கள். பழகிய தட்டைப் பார்த்தால் குஞ்சு பயப்படாமல் தின்னும்.

பத்தாம் நாள்: காலை முதல் மாலை வரை. இரவும் அங்கேயே.

அன்று மழை வரும் போல் இருந்தால், பலத்த காற்று அடித்தால், ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். ஒரு நாள் பொறுப்பதால் எந்த நட்டமும் இல்லை.

முதல் இரவு

புதிய இடத்தில் இருட்டினால் குஞ்சுகள் மிரளும். எல்லாம் ஒரு மூலையில் போய் அடையும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் உள்ளவை மூச்சுத் திணறிச் சாகும். இந்த நெரிசல் முதல் இரவில் பல குஞ்சுகளைக் கொல்லக்கூடும்.

இதைத் தடுப்பது எளிது. கூட்டின் நான்கு மூலைகளிலும் அட்டையை வளைத்து வையுங்கள். மூலை இல்லாவிட்டால் நெரிசல் இல்லை. தரையில் இரண்டு அங்குலம் காய்ந்த உமியோ மரத்தூளோ பரப்புங்கள். இருட்டிய பிறகு கைவிளக்கோடு போய்ப் பாருங்கள். அடைந்து கிடந்தால் கையால் மெல்லப் பிரித்து விடுங்கள். இரண்டு மூன்று இரவு இப்படிச் செய்தால் பழகிவிடும்.

முதல் ஒரு வாரம் கூட்டை விட்டு வெளியே மேய விடாதீர்கள். "இதுதான் நம் வீடு" என்று குஞ்சு அறியட்டும். பிறகு மேய விட்டால் மாலையில் தானே வந்து அடையும். அடையும்போது எண்ணுங்கள். எண்ணிய பிறகு பூட்டுங்கள்.

பெரிய கோழி வீட்டில் இருந்தால் உடனே சேர்க்காதீர்கள். கொத்திவிடும். நடுவில் வலை வைத்து இரண்டு வாரம் ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். பிறகு சேருங்கள்.

நோயைக் கவனியுங்கள்

எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக் கழிச்சல். மண்ணில் கால் வைக்கும் வயதில் வரும். ஈரமான உமியில் இது எளிதாகப் பரவும். உமியைக் காய்ந்ததாக வையுங்கள். நோய் கண்டால் உடனே மருத்துவரைக் கேளுங்கள்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல். இதற்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். வந்த பிறகு மருந்து இல்லை. முன்பே தடுப்பு மருந்து போடுவதுதான் வழி.

இன்னொன்று பறவைக் காய்ச்சல். இந்தியாவில் இது முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. லட்சக்கணக்கான கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று. காட்டு நீர்ப்பறவைகள் இந்தக் கிருமியைக் கொண்டு வரக்கூடும். தானே கடற்கழிக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான பூநாரைகளும் மற்றப் பறவைகளும் வருகின்றன. அதன் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளைப் பார்த்து மகிழலாம். ஆனால் நம் கோழி கழிக்கரையில் மேயக் கூடாது. தீவனத் தட்டைத் திறந்த வெளியில் வைக்கவும் கூடாது.

திடீரென்று பல கோழிகள் செத்தால் தொடாதீர்கள். சமைக்காதீர்கள். கழியில் எறியாதீர்கள். அரசுக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கூட்டைத் தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அது கோழி வளர்ப்பிலும் உதவும். கூட்டுக்கு அருகில் ஒரு நோட்டைத் தொங்க விடுங்கள். தினமும் ஒரு வரி எழுதுங்கள்.

தேதி. குஞ்சு எத்தனை. செத்தது எத்தனை. பல்பு உண்டா, இல்லையா. மழை உண்டா, இல்லையா. தீவனம் எவ்வளவு. மருந்து என்ன.

தீவன மூட்டையில் தேதி அச்சிட்டிருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள். மருந்துப் புட்டியில் கடைசித் தேதி இருக்கும். தேதி தாண்டிய மருந்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது இந்த நோட்டைப் புரட்டுங்கள். எந்த வாரத்தில் குஞ்சு குறைந்தது என்று தெரியும். அந்த வாரத்தில் எத்தனை மாற்றங்கள் ஒன்றாக வந்தன என்று பாருங்கள். பிறகு என்ன செய்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நினைவில் வைப்போம்

வயதை மட்டும் பார்க்காதே. முதுகில் இறகு வந்ததா என்று பார்.
முதலில் சூட்டை நிறுத்து. பிறகு இடத்தை மாற்று.
குளிரைவிட ஈரம் பொல்லாதது.
மூலையை மூடு. வலையைக் கெட்டியாக்கு. மாலையில் எண்ணு.
ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும்.

எழுதிப் பாருங்கள்

1. மார்ச் 1ஆம் தேதி ஒரு நாள் குஞ்சு வாங்கினால் ஐந்து வாரம் முடியும் தேதி எது?
2. 30 குஞ்சுக்கு எத்தனை சதுர அடி இடம் வேண்டும்?
3. ஒரே நாளில் செய்யக் கூடாத ஐந்து மாற்றங்கள் எவை?